றெசினில் இறுகிய கண்ணாடி

1. சுகாதாரப் பரிசோதகர் வந்தார். எங்கள் பழைய பெற்றோல் பம்பின் தலையில் நிற்கும் கண்ணாடி உருளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கிடந்த கறுப்புத் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.

2. தண்ணீரை அகற்றி, கண்ணாடியையும் கழற்றிச் சுத்தமாக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. எனக்கு மூத்தவளான ராத்தாவின் கணவர், என் மச்சான், "கழட்டுற வேலயெல்லாம் என்னத்துக்கு? சுத்தியலால ரெண்டு அடி. மிச்ச இரும்பப் பழைய இரும்பு லொறிக்காரனுக்குக் குடுப்பம்" என்றார்.

4. உடையாமல் கழற்ற முடியும் என்று நான் சொன்னேன்.

5. வாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முழுசாக் கழட்டினா பம்பும் அது நிக்கிற இடமும் சின்னவளுக்கு. ஒடஞ்சா பம்பு லொறிக்கு, இடம் மருமகன்ட கடைக்கு. அதுக்குப் பொறகு இதப் பத்தி ஒருத்தரும் கதைக்கப்படாது."

6. மச்சான் உடனே சரி என்றார். அவர் எந்த விசயத்துக்கும் உடனே சரி என்கிற ஆள் இல்லை.

அந்த இடம் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போகும் பெரிய வீதியின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட, இரண்டு வாகனம் நிற்கக்கூடிய ஒரு துண்டு நிலம். வாப்பா முன்பு அங்கே பெற்றோல் ஷெட் நடத்தினார். நான் பிறப்பதற்கு முன்பே அதை மூடிவிட்டார். பம்பு அதைவிடப் பழையது. வாப்பா ஷெட்டைப் பொறுப்பெடுத்த நாளிலேயே அது வேலை செய்யவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் யாருக்கும் அதன் மீது பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. எனக்கும் இல்லை. எனக்கு அது ஒரு நல்ல யந்திரம், அவ்வளவுதான். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் நிலத்தடித் தாங்கியிலிருந்து பெற்றோல் மேலே ஏறிக் கண்ணாடியை நிரப்பும். எத்தனை கலன் பெற்றோல் என்று அளவு காட்டும் தகடுகள் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். வாங்குகிறவர் தன் கண்ணால் அளவைப் பார்ப்பார். பிறகு பெற்றோல் தன் பாரத்தால் தானே குழாய் வழியாக இறங்கும். ஏமாற்ற வழி குறைந்த யந்திரம்.

எனக்கு வேண்டியது அந்த இடம். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா முடித்தவள். நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வயல் சொந்தக்காரரான போடியார்மாரின் நீர்ப்பம்புகளும் மருந்து தெளிக்கும் யந்திரங்களும் ஆலைக்கு வரும் வழியில் என்னிடமும் வரத் தொடங்கியிருந்தன. அவற்றை நாங்கள் இருக்கும் பின் வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் திருத்தினேன். உம்மாவின் அரிசியில் டீசல் மணத்தது. தகரக் கூரையின் கீழே ஒரு மேசையும் சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸும் போட்டு, அந்தப் பழைய பம்பையும் முழுதாகத் திருத்தி முன்னால் நிறுத்தினால் எனக்குப் பெயர்ப்பலகை தேவைப்படாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மச்சானும் அந்த இடத்தின் மேல் கண் வைத்திருந்தார். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முன் வீடு ராத்தாவின் கலியாணத்தோடு அவளுக்குப் போனது. வாப்பாவும் உம்மாவும் நானும் அதே வளவில் பின்னால் கட்டிய வீட்டுக்கு மாறினோம். வீதியோரத் துண்டு மட்டும் யாருக்கும் எழுதப்படாமல் வாப்பாவிடம் இருந்தது. மச்சான் சாய்ந்தமருதுக் கடற்கரையில் பைபர் படகு திருத்துகிறவர். வந்த கொஞ்சக் காலத்தில் அந்தத் துண்டின் ஒரு பக்கத்தில் கூல் ஸ்பொட் ஒன்று போட்டார். பலூடா, ஐஸ்கிறீம், பழச்சாறு. திறப்பு விழாவுக்காகப் பம்பின் கண்ணாடியில் தண்ணீர் நிரப்பி, சர்பத் நிறம் கலந்து, பின்னால் பல்ப் கட்டினார். ஊர் முழுக்க வந்து படம் எடுத்தது. அடியில் கொஞ்சம் ஒழுகியது. அதற்குப் படகு ஒட்டும் றெசினைக் குழைத்து, பைபர் பாயும் வைத்து, கண்ணாடியின் அடியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பூசிவிட்டார். ஒழுக்கு நின்றது. சில மாதத்தில் பல்ப் எரிந்து போனது, நிறம் போனது, தண்ணீர் கறுத்தது. மாப்பிள்ளை செய்த வேலை என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் மீனின் நடுத்துண்டு, முதல் தேத்தண்ணி, கடைசிச் சொல்.

தண்ணீரை எடுப்பது இலகு. ஒரு குழாயை மேல்மூடியின் ஓட்டையால் விட்டு, வாயால் இழுத்து, வடிகானில் விட்டேன். மச்சான் கடை வாசலில் நின்று பார்த்தார். அன்று பின்னேரமே பிளாஸ்டிக் கதிரைகளைப் பம்பைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்.

"வாங்க, வாங்க. படம் ஓடுது. டிக்கற் இல்ல, பலூடா மட்டும் வாங்கினாக் காணும்."

பலூடா குடிக்க வந்தவர்களில் ஒருவர் வெறும் போத்தலை நீட்டினார். "புள்ள, ரெண்டு லீற்றர் அடிங்க. கியூ இல்லாத ஷெட் இது ஒண்டுதான்."

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் சொல்லிப் பழசாக்கிய பகிடி அது. மச்சான் முதல் தடவை கேட்பவரைப் போலச் சிரித்தார்.

மேல்மூடியை நான்கு இரும்புக் கம்பிகள் அடித்தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தன. கண்ணாடி இரண்டுக்கும் நடுவில் நெரிபட்டு நிற்கிறது. இதில் பிழைக்க ஒரு வழிதான் உண்டு. எதிரெதிர் நட்டுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாகத் தளர்த்தினாலோ இறுக்கினாலோ பாரம் எல்லாம் விளிம்பின் ஒரு மூலையில் போய் விழும், கண்ணாடி அங்கே சில்லாகத் தெறிக்கும். கடல் காற்றில் நட்டுகள் கறள் பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் துணி சுற்றி வைத்துவிட்டு, ஆலைக்குப் போய்வந்து, மறுபடி விட்டு, மெதுவாக அசைத்தேன். மூன்று சாதாரணமாகவே கழன்றன. வீதிப் பக்கத்து நட்டு மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக இறுக்கப்பட்டிருந்தது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கறள் என்று நினைத்தேன்.

மேல்மூடி வந்தது. கலன் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழப்புளியில் ஊறப்போட்டேன். அதற்குப் பிறகு றெசின்.

நான் மச்சானிடம் போய் நேரடியாகக் கேட்டேன். "மச்சான், அடியில பூசக்குள்ள கண்ணாடிக்கு ஏதும் பேப்பர், மெழுகு வெச்சீங்களா? இல்ல, நேரா கண்ணாடியிலயா?"

"ஏன் புள்ள, டிப்ளோமாவுல அது படிச்சுத் தரல்லயா?"

"ஒங்கட கையாலதானே பூசின நீங்க."

"அது போட் றெசின். கடல்ல நிக்கிற சாமான். காத்தான்குடிப் பக்கமிருந்தும் ஆக்கள் எனக்கிட்டத்தான் வருவாங்க. ஒன்ட ஸ்பானருக்குப் பயந்து கழருமா?" கதிரையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "இஞ்சினியர் அம்மா வெசனப்படுறா. ஒரு மாங்கோ ஜூஸ் குடுங்க, என்ட கணக்குல."

ஜூஸ் வந்தது. நான் அதைத் தொடாமல் மேசையில் விட்டுவிட்டு வந்தேன். எறும்பு மொய்க்கும்வரை அது அங்கேயே இருந்தது. அதையும் ராத்தா என் கணக்கில் எழுதிக்கொண்டாள்: "அவரு தந்தத எறும்புக்குக் குடுத்தவள்."

இறுகிக் காய்ந்த றெசினை அசிட்டோன் கரைக்காது. தீ காட்டினால் கண்ணாடி ஒரு பக்கம் சூடேறி வெடிக்கும். தட்டினால் பாரம் விளிம்பில் இறங்கும். ஆகவே கண்ணாடியைத் தொடாமல், றெசின் வளையத்தோடு சேர்த்தே முதலில் அடித்தட்டிலிருந்து பிரிப்பது என்று முடிவெடுத்தேன். இரும்பு அறுக்கும் வெட்டுவாள் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, றெசினை இரும்புப் பக்கமாகச் சுற்றி அறுத்தேன். இரும்பு கீறுபட்டால் பரவாயில்லை, அதற்கு மருந்து பெயின்ற். உள்ளே கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்த பழைய தக்கைக் கஸ்கட் தெரிந்தது. ஆலையில் சாக்குத் தைக்கும் நீண்ட ஊசியில் தங்கூசி நூலைக் கோர்த்து, தக்கைக்குள்ளால் ஏற்றினேன். பெரிய மீனுக்குப் போடும் தடித்த நூல். இரண்டு முனையிலும் மரத்துண்டு கட்டி, வலம் இடமாக இழுத்தால் நூல் தக்கையை அறுத்துக்கொண்டே போகும்.

ஒரு முனையைப் பிடிக்க உம்மா வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான் ஒருத்தர்ர பக்கமும் இல்ல. நூல் இழுக்கிறன், அவ்வளவுதான்."

"ஓம் உம்மா."

"மாப்புள கேட்டா, கொடி கட்ட நூல் இழுத்தண்டுதான் சொல்லுவன்."

"சொல்லுங்க."

கதிரையிலிருந்து ஒரு குரல்: "மாமி, பெரிய மீனா?" உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம், வாயால கெட்ட மீன்" என்றார். அன்று பின்னேரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சொல் அது.

நூல் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது முழுச் சுற்றும் போனது. இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கிப் பின் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்குவது போன்ற பாரம். கீழ் விளிம்பில் தேன் நிறத்தில் றெசின் வளையம் அப்படியே இருந்தது.

உள்ளே படிந்திருந்ததைக் கழுவ அடுத்த பின்னேரங்கள் போயின. பாசியைச் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் எடுத்தன. அதன் கீழே தண்ணீர் விட்ட வெள்ளைக் காரை. அதற்கு வினாகிரியில் நனைத்த கடதாசியை ஒட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும், சுரண்டக் கூடாது. அதற்கும் கீழே, எந்தக் காலத்திலோ பெற்றோல் காய்ந்து விட்டுப்போன மஞ்சள் பிசின். அதற்குத் தின்னர். ஒவ்வொரு படையும் போகப் போக மறுபக்கத்துச் சுவரின் செங்கல் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியின் உடம்பில் கீறல் இல்லை.

இனி வளையம். சூடாக்கினால் றெசின் கண்ணாடியைவிட அதிகமாக விரியும். இரண்டையும் ஒரே அளவில், மிக மெதுவாகச் சூடாக்க முடிந்தால் வளையம் கண்ணாடியை விட்டு விலகும். அதற்குப் பெரிய, தடித்த ஒரு பாத்திரம் வேண்டும். எங்கள் வளவில் அப்படி ஒன்றுதான் உண்டு: விருந்துக்குச் சோறாக்கும் கிடாரம். அது முன் வீட்டில், ராத்தாவின் களஞ்சிய அறையில் இருந்தது.

"ஊர்ச் சோறு ஆக்கிற கிடாரத்துல நுளம்புக் கண்ணாடிய அவிக்கப் போறியா?" ராத்தா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"கழுவித்தான் வெச்சிரிக்கன் ராத்தா. அவிக்கவும் இல்ல, சுடுதண்ணியில வைக்கிற."

"ஒனக்கு இடம் வேணும் எண்டா வாப்பாட்டக் கேட்டு எழுதிக்க. ஏன் என்ட மனுசன ஊரு பாக்க மல்லுக்கு இழுக்கிறாய்?"

"கதிரையத் திருப்பிப் போட்டது ஆரு?"

"வாயப் பாரு. இந்த வாயோட ஒனக்கு வாற மாப்புளக்கு அல்லாஹ்தான் துணை."

கிடாரத்தைத் தரவில்லை. உம்மா போய் அதை நிலத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். அது உம்மாவின் சீதனத்தில் வந்த கிடாரம்.

அடியில் மடித்த சாக்கு, அதன் மேல் கண்ணாடி, வளையம் மூடும்வரை பச்சைத் தண்ணீர். கீழே உமி அடுப்பு. உமி நின்று எரியும், திடீரென்று கொதிக்க விடாது. தண்ணீரில் கை வைக்க முடியாத சூடு வந்ததும், துணி உறை போட்ட கையால் வளையத்தை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. கண்ணாடியை உம்மா மேலே பிடித்துக்கொள்ள, வளையத்தைக் கீழே இழுத்தேன். ஈரமான காப்பு கழல்வதைப் போலக் கழன்றது.

கண்ணாடியின் விளிம்பில் ஒரு சில்லுப் போயிருந்தது. சிப்பி வடிவம், பெருவிரல் நகத்தின் அளவு.

நான்தான் எங்கோ பிழைவிட்டேன் என்று நினைத்து, செய்த ஒவ்வொரு படியையும் மனதில் திரும்ப ஓட்டினேன். பிறகு வளையத்தை எடுத்து உட்புறத்தை விரலால் தடவினேன். ஓரிடத்தில் ஒரு மேடு இருந்தது. சிப்பி வடிவம், நகத்தின் அளவு. அதைக் கண்ணாடியின் பள்ளத்தோடு வைத்துப் பார்த்தேன். பூட்டுக்குள் திறப்புப் போல அமர்ந்தது.

றெசின் குழம்பாக இருக்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பள்ளம் முதலில், றெசின் பிறகு. ஒழுகியது என்று வீதிப் பக்கத்து நட்டை மட்டும் யாரோ வெறிகொண்டு இறுக்கியிருக்கிறார்கள். விளிம்பு தெறித்திருக்கிறது. அதை மூடத்தான் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு. மச்சான் உடனே சரி என்றதன் காரணம் அதுதான். நான் எப்படிக் கழற்றினாலும் சில்லுப் போன கண்ணாடிதான் வரும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

கண்ணாடியைச் சாக்கின் மேல் தலைகீழாக நிறுத்தி, சில்லுப் போன பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். வளையத்தை ஒரு துணிக்குள் சுற்றினேன். உம்மாவிடம் வாப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். மச்சானும் வந்தார், ராத்தா பின்னால். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. நேரே கண்ணாடியின் சுவர்ப் பக்கம் போய், குனிந்து, விளிம்பில் விரலை வைத்தார்.

"இந்தா மாமா. ஒடஞ்சிரிக்கி. நான் சொல்லல்ல, நீங்களே பாருங்க."

"அந்தப் பக்கம்தான் எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மச்சான்?" என்று கேட்டேன்.

"கண்ணிரிக்கி எனக்கு."

"இந்தப் பக்கத்தால வந்த ஆளுக்கு அந்தப் பக்கம் தெரியிற கண்."

வளையத்தை எடுத்து வாப்பாவின் கையில் கொடுத்தேன். மேட்டையும் பள்ளத்தையும் காட்டினேன். வாப்பா மூக்குக்கண்ணாடி போடாததால் அதைப் பார்க்க முடியாமல், பெருவிரலால் இரண்டையும் மாறி மாறித் தடவினார்.

"றெசின் காயக்குள்ள சுருங்கும் மாமா" என்றார் மச்சான். "அப்ப இழுத்து வெடிச்சிரிக்கும். எங்கட தொழில்ல அது நடக்கிறதான்."

"வெடிச்ச பொறகு றெசின் எப்பிடி அதுக்குள்ள போச்சு? காஞ்ச றெசின் நடந்து போச்சா?"

"மாப்புளயோட கதைக்கிற கதையா இது!" ராத்தா கத்தினாள். "வாப்பா, பாத்துக்கிட்டிரிக்கீங்க."

வாப்பா வளையத்தை நிலத்தில் வைத்தார். "நட்ட இறுக்கினது ஆரு?"

மச்சான் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"மருமகன், ஒங்களத்தான் கேக்கிறன்."

"ஒழுகிச்சிது. இறுக்கினன்."

"சில்லுப் போனது தெரியுமா?"

மச்சான் கடைப் பக்கம் பார்த்தார். "தெரியும். அதுக்கென்ன? ஒரு பழைய கண்ணாடி. அதுக்கு இவ்வளவு வழக்கா? நான் கடையப் போட்டு இந்த வாசலுக்கு மனுசன் வர வெச்சன். அதுக்கு முந்தி இதுல நாய்தான் படுத்துக் கிடந்திச்சிது."

அது பொய் இல்லை. அந்த வாசலுக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் கேள்வி அது இல்லை.

"தெரிஞ்சிக்கிட்டா அண்டைக்கி சரியண்டீங்க?" வாப்பாவின் குரல் உயரவில்லை. "அவள் கழட்டினது முழுசு. ஒடச்சது நீங்க. பம்பும் இடமும் அவளுக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "நீ வெண்டுட்டன் எண்டு நினைக்காத. ஒன்ட ராத்தாட மொகத்தப் பாரு."

பார்த்தேன். அவள் அழவில்லை. என்னை வளவின் எல்லைக் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாப்பா நான் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்புப் போல ஒன்றையாவது, என்று எதிர்பார்த்தார். என்னிடம் சொல்வதற்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. முதல் நாளே மச்சான் சில்லுப் போனதைச் சொல்லியிருந்தால் நான் வேறு ஒரு கண்ணாடி தேடியிருப்பேன், பந்தயமே இருந்திருக்காது. அவர் நான் தோற்பதைக் கதிரை போட்டுப் பார்க்க விரும்பினார்.

ராத்தா போகும்போது கிடாரத்தைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள். தண்ணீர் உமி அடுப்பில் கொட்டி முற்றம் முழுக்கப் புகைந்தது.

இப்போது நிலைமை இது. இடத்தை வாப்பா என் பெயருக்கு எழுதிவிட்டார். மேசையும் வைஸும் கூரையின் கீழே இருக்கின்றன, போடியார்மார் நீர்ப்பம்புகளோடு நேரே அங்கே வருகிறார்கள். கண்ணாடி புதிய தக்கையின் மேல் நிற்கிறது. சில்லுப் போன விளிம்பு தக்கைக்குள் அமர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது, ஒழுகவும் இல்லை. கைப்பிடிப் பக்கத்து வால்வுகள் இன்னும் கழற்றப்படவில்லை. மச்சான் தன் கடைக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குத் தகர வேலி அடித்திருக்கிறார், அதில் என் பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. அவர் என்னோடு கதைப்பதில்லை. ராத்தாவும் கதைப்பதில்லை. உம்மா இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறார்.